இடம் இருக்கிறது, ஏற மறுக்கிறது!

கேள்வி: என் 32 ஜிபி பென் டிரைவ் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் 6 ஜிபி கல்யாண வீடியோவைக் காப்பி செய்தால், ஃபைல் மிகப் பெரியது என்கிறது கம்ப்யூட்டர். டிரைவ் போலியா?
- வாசகர், தென்காசி

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள். உங்கள் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரு ஃபைலின் அளவை எழுதிவைக்க 32 பிட் மட்டுமே உண்டு. அதனால் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், 4 ஜிபியை எட்டும் எந்த ஃபைலும் ஏறாது.

டிரைவில் இருப்பதை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். எக்ஸ்ஃபேட்டில் விண்டோஸ், மேக் இரண்டுமே படிக்கும், எழுதும். என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும். கூடுதல் மென்பொருள் இல்லாமல் எழுதாது. விண்டோஸில் மட்டுமே புழங்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு நான் என்டிஎஃப்எஸ்தான் சொல்வேன். எழுதும் பாதியில் கரண்ட் போனாலும், தான் வைத்திருக்கும் பதிவேட்டைப் பார்த்துத் தன் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த வசதி இல்லை, 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கும் பழக்கம் (நம் வீடுகளில் யாருக்கு இல்லை?) அதற்கு ஆகாது.

பழைய டிவிகள் சிலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. டிவியில் போட்டுப் பார்க்கத்தான் என்றால், ஃபேட்32-ஐ அப்படியே விட்டு, வீடியோவை இரண்டாகப் பிரித்து ஏற்றுங்கள்.

இன்னொன்று: என்றாவது டிரைவைச் செருகியதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால், உடனே சம்மதித்துவிடாதீர்கள். வேறு போர்ட்டிலும் வேறு கம்ப்யூட்டரிலும் செருகிப் பாருங்கள். அங்கும் திறக்காவிட்டால், முதலில் ரெக்கவரி மென்பொருளால் படங்களை மீட்டுவிட்டு, ஃபார்மட்டைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.