கணப்பு மூட்டப் போகும் தம்பிக்கு

தம்பி,

பங்களாவின் சாவிக்கொத்து இப்போது உன் கையில் என்று கேள்விப்பட்டேன். ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள். மழை ஓய்ந்து உறைபனி விழத் தொடங்கிவிட்டால், ஊட்டிக்கு வருகிற விருந்தாளி பெட்டியை இறக்குமுன் கேட்பது ஒன்றுதான்: "ஃபயர்பிளேஸ் எரியுமா?" எரியும் என்று வாக்குக் கொடுத்துவிடாதே. முதலில் கூரைமேல் ஏறிப் பார்.

1822-இல் சலீவன் என்ற ஆங்கிலேயத் துரை ஊட்டியில் கல் பங்களா என்ற வீட்டைக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கட்டிய வீடுகளில் அறைக்கு அறை கணப்பு. கட்டியவர்கள் போய்விட்டார்கள், சிம்னிகள் நிற்கின்றன. கோடை முழுக்கச் சும்மா கிடக்கும் சிம்னி காக்கைக்கு நல்ல வீடு. ஒருமுறை ஒரு கூடை நிறையக் குச்சி இறக்கினேன். நடுவே ஒரு வெள்ளி ஸ்பூன். அதற்காக வீட்டம்மா ஆறு மாதமாகச் சமையல்காரரை முறைத்துக்கொண்டிருந்தார்!

கீழே வந்து, அடுப்பு வாய்க்குள் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடி. நேரான சிம்னி என்றால் வானம் சதுரத் துண்டாகத் தெரிய வேண்டும். பிறகு கை எட்டும் உயரத்தில் உட்சுவரைக் கத்தி முனையால் சுரண்டு. மாவுபோல் உதிர்ந்தால் வெறும் புகைக்கரி, பிரஷ்ஷுக்கு வந்துவிடும். தார் ஊற்றியதுபோல் பளபளவென்று இறுகியிருந்தால் அது கரி இல்லை, விறகு. சுவரில் ஒட்டிக்கொண்டு தீப்பொறிக்குக் காத்திருக்கும் விறகு. புகைக்கரி மூன்று மில்லிமீட்டர் கனம் சேர்ந்துவிட்டாலும், அந்தத் தார் எவ்வளவு மெல்லியதாகப் படிந்திருந்தாலும், சுத்தம் செய்யாமல் பற்றவைக்காதே.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. உன் வயதில் ஒரு பங்களாவில் வேலை. "போன வருஷம்தானே துடைத்தோம்" என்று விட்டுவிட்டேன். விருந்தாளிப் பிள்ளைகள் பெரிய நெருப்பு கேட்டார்கள் என்று காய்ந்த மிலாறை அள்ளி அள்ளிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள்ளிருந்து மேட்டுப்பாளையம் ரயில் மூச்சிறைக்க ஏறிவருகிற சத்தம். இரவு ஒன்பது மணிக்கு ஏது ரயில் என்று நின்று யோசித்தேன் பார், அதுதான் என் முட்டாள்தனம். வெளியே ஓடிப் பார்த்தால் சிம்னி உச்சியில் ஆள் உயரத்துக்குத் தீ. பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை அடுப்புக்குள் வீசினேன். ஆவியும் கங்குமாகத் திருப்பி என்மேல் அடித்தது. உள்ளே செங்கல் படீரென்று வெடித்தது இன்னும் காதில் இருக்கிறது, முழங்கையில் தழும்பும் இருக்கிறது. ஆட்களை வெளியேற்றி, அடுப்பில் மணலைக் கொட்டி, வாயைத் தகரத்தால் மூடி, 101-ஐ அழைத்திருக்க வேண்டும். காற்று இல்லாவிட்டால் அந்தத் தீ தானாக வாடும்.

அந்தத் தார் எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். ஈர விறகிலிருந்துதான். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே சூடு செலவாகிறது, புகை குளிர்ந்துபோய்ச் சிம்னிச் சுவரில் படிகிறது. விறகை எடைபோட்டு விற்கிறார்கள் என்பதையும் மறக்காதே. ஈர விறகு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறாய். இரண்டு துண்டைத் தட்டிப் பார். காய்ந்தது கணீரென்னும், ஈரமானது தொப்பென்னும். வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கழன்று வர வேண்டும்.

நம்மூரில் வாட்டில் என்கிற சீகை மரமும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும்தான் கிடைக்கும். சீகைதான் என் கட்சி. கனமான மரம், கங்கு நின்று எரியும். கற்பூர மரத்தில் எண்ணெய் இருக்கிறது, பொறி தெறிக்கும், முன்னால் கம்பிவலை இல்லாமல் போடாதே. அதைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும், காய்ந்தால் கோடரி துள்ளும். இந்த வருஷத்துக்கு டிப்போவில் காய்ந்ததாகப் பார்த்து வாங்கு. அடுத்த வருஷத்துக்கு வேண்டியதைத் தை மாதமே வாங்கிப் பிளந்து, ஆனி மழைக்கு முன் கூரையடியில் காற்றோட்டமாக அடுக்கு. பங்களாத் தோட்டத்து மரமாயிற்றே என்று நீயே கோடரி தூக்காதே. மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, வனத்துறையில் கேட்டுக்கொள்.

அடுப்புக்குள் செங்கல் இடுக்கு விட்டிருந்தால் கொத்தனார் சிமென்ட் குழைக்கப் பார்ப்பார். தடுத்துவிடு. சூட்டில் சிமென்ட் வெடித்து உதிரும். தீ படுகிற இடத்துக்குத் தீ தாங்கும் செங்கல்லும் தீக்களிமண்ணும்தான்.

மூட்டும்போது ஜன்னலை இரண்டு விரல் திறந்து வை. சிம்னிக்குள் குளிர்காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி மேல்நோக்கிப் பிடித்தால் காற்று சூடாகிக் கிளம்பும், அப்புறம் அறைக்குள் புகை வராது. காலையில் அள்ளும் சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் வெளியே வை. ஆறிவிட்டது என்று கை சொல்லும், நம்பாதே. சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு கிடக்கும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாயிரு. குளிர் தாங்கவில்லை என்று விருந்தாளி பார்பிக்யூ கரியை அறைக்குள் கேட்பார். கூடுதல் காசும் தருவார். கொடுக்காதே. சிம்னி இல்லாத அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லை, நிறம் இல்லை, தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார்.

கரி துடைக்கும்போது மூக்கையும் தோலையும் மூடிக்கொள். சிம்னிக்குள் ஏறிய லண்டன் பையன்களுக்குப் பின்னாளில் வந்த புற்றுநோய்க்குப் புகைக்கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற டாக்டர் 1775-லேயே எழுதிவிட்டார். நான் துண்டைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினேன், அதில் பெருமை ஒன்றும் இல்லை.

உன் கூரை சரிவானது, தனியாக ஏறாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஏணியைப் பிடித்துக்கொள்ள என்னால் இன்னும் முடியும். நல்ல மாஸ்க் இரண்டு வாங்கி வை.