கைப்பேசியும் உரத்த குரலும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

காலை எட்டு மணிக்கு எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் நகரப் பேருந்தில் ஏறினால் ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று குடும்பங்களின் கதை காதில் விழும். ஒருவர் சீட்டுப் பணம் கேட்பார். ஒருவர் மருமகனுடன் வழக்காடுவார். மற்றொருவர் ஆஸ்பத்திரியில் இருப்பவரின் நிலையை ஊருக்கே அறிவிப்பார். பேசுபவர் தம் காதிலுள்ள கருவியோடு தனித்திருப்பதாக எண்ணுகிறார். கேட்பவரோ ஐம்பது பேர். பொது இடத்தில் கைப்பேசியில் உரக்கப் பேசுவது ஏன் நிகழ்கிறது, அது ஏன் பிறரை வருத்துகிறது, அதற்கு நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கைப்பேசி வந்த வழி

கையில் ஏந்திப் பேசும் தொலைபேசியை முதன்முதலில் பயன்படுத்தியவர் மார்ட்டின் கூப்பர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் நகரத் தெருவில் நின்று அவர் பேசினார். ஆகவே முதல் கைப்பேசி உரையாடலே பொது இடத்தில்தான் நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே முதல் அழைப்பு. அன்று செல்வர்களின் பொருளாக இருந்தது இன்று களை பறிப்பவர் இடுப்பிலும் இருக்கிறது. கருவி பரவிய வேகத்தில் அதைக் கையாளும் பழக்கம் பரவவில்லை.

ஏன் உரக்கப் பேசுகிறோம்?

முதற்காரணம் இரைச்சல். 1911-ஆம் ஆண்டு எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சுக் காது மருத்துவர் தாம் கண்டறிந்த ஓர் உண்மையை வெளியிட்டார். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் காதில் இரைச்சலைச் செலுத்தினால் அவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார். இரைச்சலை நிறுத்தினால் குரல் தானே தாழ்கிறது. செவிடர்போல் நடிப்பவர்களைக் கண்டுபிடிக்கவும் இந்தச் சோதனை பயன்பட்டது. உண்மையிலேயே காது கேளாதவருக்கு இரைச்சலால் குரல் உயராதல்லவா? இதற்கு 'லொம்பார் விளைவு' என்று பெயர். இஞ்சின் ஓசையும் ஹாரன் ஓசையும் நிறைந்த பேருந்தில் ஒருவர் கத்திப் பேசுவது பெரும்பாலும் இவ்விளைவே. அவர் வேண்டுமென்றே கத்துவதில்லை.

இரண்டாவது காரணம், நம் குரல் நமக்கே கேட்கும் அளவு. பழைய கம்பித் தொலைபேசியில் பேசுபவரின் குரலில் ஒரு பகுதி அவருடைய காதுக்கே திரும்பி வரும். தம் குரல் தமக்கு நன்றாகக் கேட்டால் மனிதர் தாமாகவே மெல்லப் பேசுவர். ஒரு காதைக் கருவியால் மூடி, மறு காதையும் விரலால் பொத்திக்கொண்டு பேசுபவருக்கு வெளியே செல்லும் தம் குரலின் அளவு சரியாகத் தெரிவதில்லை.

மூன்றாவது காரணம் ஒரு தவறான எண்ணம். எதிர்முனையில் இருப்பவரின் குரல் நமக்கு மெலிதாகக் கேட்டால், நம் குரலும் அவருக்கு அப்படித்தான் கேட்கும் என்று கருதிக் கத்துகிறோம். இதை ஒரு சிறு கணக்கால் சோதிப்போம். கைப்பேசியின் ஒலிவாங்கி நம் வாயிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். எதிரே அமர்ந்து நம்முடன் பேசுபவரின் காது 1 மீட்டர், அதாவது 100 செ.மீ. தொலைவில் இருக்கிறது. தொலைவு 20 மடங்கு. ஒலிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது நாம் படித்த விதி. எனவே எதிரில் இருப்பவர் காதை அடைவதைப்போல் 400 மடங்கு செறிவுள்ள ஒலி ஒலிவாங்கியை அடைகிறது. டெசிபெல் கணக்கில் இது 26 டெசிபெல் அதிகம். திறந்தவெளிக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு பேருந்துக்குள் சற்று மாறுபடலாம்; ஆயினும் கருத்து மாறாது. மேலும், குரல் கூடினால் குறைத்தும் குறைந்தால் கூட்டியும் அனுப்பும் ஏற்பாடு கைப்பேசிக்குள்ளேயே உண்டு. ஆகவே நாம் கத்துவதால் எதிர்முனைக்குக் கிடைக்கும் பயன் சிறிது. பக்கத்து இருக்கைக்காரருக்குக் கிடைக்கும் துன்பம் பெரிது.

ஏன் அது எரிச்சலூட்டுகிறது?

பேருந்தில் இருவர் நேருக்கு நேர் பேசிக்கொண்டு வந்தால் நாம் அவ்வளவாகச் சினப்பதில்லை. இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்ட்ரூ மங்கும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஆராய்ந்தது. இரயிலிலும் பேருந்து நிலையத்திலும் நடிகர்களைக் கொண்டு ஒரே உரையாடலை நேரிலும் கைப்பேசியிலும் நடத்திக் காட்டி, அருகிலிருந்தவர்களின் கருத்தைக் கேட்டனர். உரத்த பேச்சு அதிக எரிச்சல் தந்தது என்பதில் வியப்பில்லை. ஆனால் குரலின் அளவு ஒன்றாகவே இருந்தபோதும் கைப்பேசிப் பேச்சே அதிகத் தொல்லையாகத் தோன்றியது.

இதன் காரணத்தை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எம்பர்சன் முதலியோர் 2010-இல் விளக்கினர். ஒரு வேலையில் கவனம் செலுத்துபவர்களுக்கு அருகே முழு உரையாடல் ஒலித்தபோது அவர்களின் வேலை கெடவில்லை. பாதி உரையாடல் மட்டும் ஒலித்தபோது பிழைகள் மிகுந்தன. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாத பேச்சை மனம் விடாது பின்தொடர்கிறது. கேட்காத மறுபாதியைத் தானே நிரப்ப முயல்கிறது. சொற்கள் புரியாதபடி ஒலியை மாற்றியபோது இந்த இடையூறு மறைந்தது. ஆகவே நம்மை வருத்துவது ஓசை மட்டுமன்று. நாம் கேளாமலே நம்மிடம் ஒப்படைக்கப்படும் பாதிக் கதையும்தான்.

மக்கள் காட்டும் எதிர்ப்பு

எங்கள் பேருந்தில் நான் கண்ட அளவில், இத்தொல்லைக்கு மக்கள் நான்கு விதமாக எதிர்வினை காட்டுகிறார்கள். பெரும்பாலோர் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொள்வர். பேசுபவர் அதைக் காண்பதே இல்லை. சிலர் பக்கத்திலிருப்பவரிடம் முணுமுணுப்பர். இளைஞர் சிலர் தங்கள் கைப்பேசியில் பாட்டை உரக்க வைப்பர். ஒரு தொல்லை இரண்டாகும். மிகச் சிலரே நேரில் சொல்வர்; அவர்களிலும் இனிமையாகச் சொல்பவர் அரியர்.

இங்கே என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாண்டில் கல்விக் கட்டணம் செலுத்த என் தந்தை என்னுடன் பேருந்தில் வந்தார். வழியில் அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. பணம் எவ்வளவு குறைகிறது, யாரிடம் கேட்டிருக்கிறோம் என்பதையெல்லாம் அப்பா பேருந்து முழுவதும் கேட்கும்படி சொன்னார். முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பி, "ஏனுங்க பெரியவரே, இது பஸ்ஸுங்களா, உங்க வூடுங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள். என் வகுப்புத் தோழியர் இருவரும் அதே பேருந்தில் இருந்தனர். நான் சன்னல் பக்கம் திரும்பி, அவருடன் வராதவள்போல் அமர்ந்திருந்தேன். இறங்கியதும் அப்பா கேட்டார்: "நான் மெதுவாத்தானே பேசினேன், கண்ணு?"

தறியின் ஓசை

அந்தக் கேள்விக்கு விடை எனக்கு ஓராண்டு கழித்து, ஒலியியல் பாடத்தில் கிடைத்தது. என் தந்தை இருபத்து மூன்று ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டுபவர். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்குத் தறிக்கூடத்தின் ஓசையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பதே நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. நாடா அடிக்கும் தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் அந்த எல்லை எளிதில் தாண்டப்படுகிறது.

இத்தகைய ஓசை உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்களைச் சிதைக்கிறது. சிதைந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் கெடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்கள். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அது கேட்கும். ச, த, க போன்ற மெய்யோசைகள் மங்கும். "பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை" என்று இவர்கள் சொல்வது இதனால்தான். தம் குரலும் தமக்குக் குறைவாகவே கேட்பதால் அவர்கள் உரக்கப் பேசுகின்றனர். அரசு மருத்துவமனையில் அப்பாவுக்குச் செவித்திறன் சோதனை செய்தபோது வரைகோடு 4000 என்ற இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்ததைக் கண்டேன். தேர்வில் படம் வரைந்து பெற்ற மதிப்பெண் அப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படித்த நமக்குப் பொது இடத்தில் அமைதியாக இருப்பது எளிது. செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்பிவிடலாம். எழுத்தறியாத என் தந்தைக்குக் கடிதம், தந்தி, கணக்கு எல்லாம் அவருடைய குரல்தான்.

விதிகளும் வழக்கங்களும்

இதனால் உரக்கப் பேசுவது சரி என்று ஆகிவிடாது. இரவுப் பணி முடித்து உறங்கி வருபவருக்கும், நோயாளிக்கும், தேர்வுக்குப் படிப்பவருக்கும் அமைதி உரிமையே. இந்திய இரயில்வே 2022 ஜனவரியில், இரவு 10 மணிக்குமேல் பெட்டிகளில் கைப்பேசியில் உரக்கப் பேசுவதற்கும் பாட்டு வைப்பதற்கும் தடை விதித்தது. மும்பையின் பெஸ்ட் பேருந்துகளில் 2023 ஏப்ரலில் இத்தகைய தடை அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் இரயில் ஏறியவுடன் கைப்பேசியை ஓசையின்றி வைக்கவும், பேசுவதைத் தவிர்க்கவும் அறிவிப்பு வரும். மக்கள் பெரும்பாலும் அதைப் பின்பற்றுகிறார்கள். விதியை இயற்றுவது ஒரு நாள் வேலை, வழக்கமாக்குவதுதான் கடினம்.

நாம் செய்யக் கூடியவை

பேசுபவர்: அழைப்பை எடுத்ததும் "பஸ்ஸில் இருக்கிறேன், இறங்கிப் பேசுகிறேன்" என்று சொல்லலாம். எதிர்முனை கேட்காவிட்டால் குரலை உயர்த்துவதற்குப் பதிலாகக் கருவியின் ஒலியளவைக் கூட்டலாம். ஒலிபெருக்கியில் வைத்துப் பேசுவதும் காணொளி பார்ப்பதும் வேண்டா. பணம், நோய், குடும்பச் செய்திகளைப் பலர் நடுவே பேசாதிருப்பது நமக்கே பாதுகாப்பு.

கேட்பவர்: முகம் சுளிப்பதைவிட, அருகில் சென்று கையால் சாடை காட்டி மெல்லச் சொல்வது பயன் தரும். ஏளனம் செய்யக் கூடாது. எதிரே இருப்பவர் காது கேளாதவராக இருக்கலாம்.

தறிக்கூடம், ஆலை ஆகியவற்றில் வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைகள்: காதில் வைக்கும் பஞ்சு போதிய காப்பன்று என்பதையும், அதற்கென உள்ள காதடைப்பான்கள் உண்டு என்பதையும் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

முடிவுரை

அப்பா இப்போது பேருந்தில் அழைப்பு வந்தால் கருவியை என்னிடம் தருகிறார். நான் செய்தியைக் கேட்டு அவர் காதருகே சொல்கிறேன். அவர் சொல்வதை மெல்லத் திருப்பிச் சொல்கிறேன். பேருந்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த நாளுக்கு என்னால் செய்ய முடிந்தது இவ்வளவே. குரலைத் தாழ்த்துவது பேசுபவரின் பண்பு. அவர் குரல் ஏன் உயர்ந்தது என்று ஒரு கணம் எண்ணுவது கேட்பவரின் பண்பு. இரண்டும் சேர்ந்தால்தான் பேருந்து பொது இடமாகும்.