எருவைச் சிக்கனமாகக் கொள்ளும் தீவனப் புல்

கறவை மாடு வைத்திருப்போர்க்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் அருமையைக் கூற வேண்டுவதில்லை. கம்பின் மென்மையும் நேப்பியரின் தூர்விடும் பலமும் இதில் ஒருங்கே அமைந்துள்ளன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோ-4 ரகம், நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு ஆண்டில் சுமார் 150 டன் பசும்புல் தரவல்லது. இவ்விளைவுக்கு நிலம் கொடுக்கும் விலை யாது என்பதையும் நாம் கணக்கிட வேண்டும்.

1 டன் பசும்புல்லில் ஈரம் போக நிற்பது ஏறக்குறைய 200 கிலோ. அதில் நூற்றுக்கு 8 பங்கு புரதமெனக் கொண்டால் 16 கிலோவாகும். புரதத்தில் ஆறேகாலில் ஒரு பங்கு தழைச்சத்து. ஆகவே ஒவ்வொரு டன் புல்லுடனும் சுமார் 2½ கிலோ தழைச்சத்து நிலத்தை விட்டு நீங்குகின்றது. இதனை ஈடு செய்ய 5½ கிலோ யூரியா வேண்டும். அதிலும் ஒரு பகுதி காற்றிலும் நீரிலும் கழிந்து போகும். ஆதலின் மிகுந்த விளைவு மட்டுமே நல்ல ரகத்திற்கு இலக்கணமாகாது. இட்ட சத்தில் எவ்வளவு புல்லாக மாறிற்று என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இனவிருத்தியில் கவனிக்க வேண்டிய குணங்கள் இரண்டு. முதலாவது, வேரின் பரப்பு. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரே அதனை நாடிச் செல்ல வேண்டும். இரண்டாவது, கொண்ட சத்தைப் புல்லாக மாற்றும் திறமை. இவற்றை அறியச் செடிகளை உரமிட்ட பாத்தியிலும் உரமிடாத பாத்தியிலும் வளர்த்து ஒப்பிடுதல் அவசியம். உரமிட்ட பாத்தியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், மெலிந்த நிலத்தைத் தாங்கும் செடி புலப்படாமலே கழிந்துவிடும். ஒட்டுப்புல் விதையாலன்றிக் கரணையால் பெருகுவதால், ஒருமுறை கண்ட நற்குணம் மாறாது நிற்கும்.

தென் அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் வளரும் பிரேக்கியாரியா ஹுமிடிகோலா என்னும் புல் வேறொரு வழி காட்டுகின்றது. தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிய பின்னரே நீரோடு எளிதில் கீழிறங்கும். இப்புல்லின் வேரில் கசியும் பிரேக்கியாலாக்டோன் என்னும் பொருள், அம்மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்களைத் தடுப்பதாக 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி நிறுவியது. இக்குணம் வகைக்கு வகை வேறுபடுவதால், தேர்ந்தெடுத்து விருத்தி செய்ய இடமுண்டு.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சிக்கனமான ரகம் சத்தைத் தேடிக் கொள்ளுமேயன்றி உண்டாக்காது. நல்ல வேருடைய புல்லை நட்டு எருவை நிறுத்தினால், நிலம் முன்னிலும் விரைவில் வறிதாகும். ஆகவே சாணமும் கோமியமும் புல் வளர்ந்த நிலத்திற்கே திரும்புதல் வேண்டும். புல்லை விற்போர் இதில் இருமடங்கு கவனம் செலுத்துதல் நலம். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை வேலி மசால் இட்டால், அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பற்றித் தரும். தீவனத்தில் புரதமும் கூடும்.

புதிய ரகம் கொள்ள விரும்புவோர், பழைய ரகத்தையும் அதனையும் அருகருகே நட்டு, ஒவ்வொன்றிலும் பாதிக்கு யூரியா இட்டும் மீதிக்கு இடாமலும் மூன்று அறுவடை வரை நிறுத்துப் பார்ப்பாராக. கிராம அதிகாரிகள் அக்கணக்கை ஊரார் அறியச் செய்தால், கரணை வாங்குமுன் எவரும் தம் நிலத்திற்கேற்றதைத் தெரிந்து கொள்ளலாம்.