மடை திறக்கும் நாளிலிருந்து எழுது

ஆரப்பாளையம்,
மதுரை.

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுவது. கல்லூரியில் விவசாய ஊர் ஒன்றைப் பற்றிக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், நீ சோழவந்தானை எடுத்திருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். நீ அனுப்பிய முதல் பக்கத்தையும் படித்தேன். மக்கள்தொகை, எழுத்தறிவு, அட்சரேகை, எத்தனை பள்ளி, எத்தனை வங்கி. ஒன்றும் தப்பில்லை. ஆனால் மேலே இருக்கும் பெயரை அடித்துவிட்டு வாடிப்பட்டி என்று எழுதினாலும் படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. உன் வயதில் இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சோழவந்தானைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பேரணையில் தொடங்கு. அது ஊருக்கு மேற்கே, திண்டுக்கல் மாவட்டத்துக்குள், வைகையின் குறுக்கே இருக்கிற மதகு அணை. அங்கே வந்து சேரும் தண்ணீரில் பெரும்பகுதி வைகையில் பிறந்ததே இல்லை. மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீர் அது. 1886-ல் குத்தகை ஒப்பந்தம், 1895-ல் முல்லைப்பெரியாறு அணை. அதைக் கட்டிய பென்னிகுவிக் பெயரை நீ பள்ளியிலேயே படித்திருப்பாய். சுருளியாற்றில் இறங்கி, வைகையில் கலந்து, 1959 முதல் வைகை அணையிலும் தேங்கி, பிறகு பேரணைக்கு வருகிறது. அங்கிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிந்து வாடிப்பட்டிப் பக்கமாகக் கள்ளந்திரி வரை போகிறது. அந்த நீளத்தில் மட்டும் 45,041 ஏக்கர் இருபோக நிலம். அதைத் தாண்டி மேலூர்ப் பகுதியும், இன்னொரு பக்கம் திருமங்கலமும் சேர்ந்து 1,05,002 ஏக்கர் ஒருபோகம். சோழவந்தான் வட்டாரம் அந்த இருபோகத்தில் வருகிறது. அங்கே ஒரு குழி நிலம் வைத்திருப்பவரும் நிமிர்ந்து நடப்பதற்குக் காரணம் இதுதான்.

அணைகளில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். அரசாணையைப் படித்துப் பார். விநாடிக்கு 900 கனஅடி, 120 நாள். அதில் முதல் 45 நாள் முழுமையாக, மிச்சம் 75 நாள் முறை வைத்து. ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பத்தின் நான்கு மாதம் இருக்கிறது. முழுத் தண்ணீர் ஓடும் நாட்களுக்குள் நாற்றங்கால் போட்டு, உழுது, தொளி கலக்கி, நடவை முடித்துவிட வேண்டும். டிராக்டர் கிடைக்காமல், நடவு ஆள் கிடைக்காமல் இரண்டு வாரம் தள்ளிப்போனால், கதிர் பால்பிடிக்கும் சமயத்தில் தண்ணீர் நின்றுவிடும். கடைமடைக்காரருக்கு இந்தப் பயம் இரண்டு மடங்கு. ஆகவே ‘சோழவந்தானின் முக்கியப் பயிர் நெல்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்காதே. எந்தத் தேதியில் திறந்தார்கள், எந்தத் தேதியில் நட்டார்கள் என்று ஐந்து விவசாயிகளிடம் கேட்டு எழுது. ஊர் தானாக உன் கட்டுரைக்குள் வந்துவிடும்.

தண்ணீர் திறப்பதை ஊர் முடிவு செய்வதில்லை என்பதையும் கவனி. வைகை அணையின் 71 அடியில் எவ்வளவு நிற்கிறது, முல்லைப்பெரியாறில் எவ்வளவு தேக்கலாம் என்பதை வைத்து நீர்வளத்துறையும் அரசும் முடிவு செய்கின்றன. 1979-க்குப் பிறகு அங்கே 136 அடிதான் தேக்க முடிந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு வழிவிட்டது. டெல்லியில் படித்த தீர்ப்பின் ஆறு அடி, சோழவந்தான் வயலில் இரண்டாம் போகம் உண்டா இல்லையா என்கிற கேள்விக்குள் வந்து நிற்கிறது. அதே நேரம் கீழே சிவகங்கையும் ராமநாதபுரமும் வைகையை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. அவர்களையும் மறந்துவிடாதே.

இனி வெற்றிலைக் கொடிக்கால். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்குக் கிடைத்துப் பத்து வருடம் கழித்து. பத்திரிகையில் அந்தச் செய்தியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நீ கொடிக்காலுக்குள் போய் நின்று எழுது. முதலில் பாத்தி எடுத்து அகத்தியை விதைக்கிறார்கள். அகத்தி ஆள் உயரம் வந்ததும் அதன் காலடியில் கொடியை ஊன்றுகிறார்கள். கொடி ஏற ஏற அகத்தியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். அந்த அகத்திதான் நிழல், அதுதான் காற்றுக்கு மறைப்பு, அதன் கீரை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. உள்ளே நுழைந்தால் சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வாடல் நோய் வந்து பாத்தி பாத்தியாகச் சாய்த்துவிடும். கைக்குழந்தையைப் போல தினமும் பார்க்க வேண்டிய பயிர். இலையைக் கிள்ளி, தரம் பிரித்து, கவுளி கவுளியாக அடுக்கிக் கட்டுவது இன்றைக்கும் கைவேலைதான். அதற்கு மிஷின் இல்லை.

அதனால்தான் கொடிக்கால்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கூலி ஏறிவிட்டது, பக்குவம் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, வெற்றிலை போடுகிற பழக்கமும் கல்யாணம் காரியங்களுக்குள் சுருங்கிவிட்டது. குத்தகை நிலத்தில் கொடிக்கால் போட்டவர் ஒரு முறை நோயில் இழந்தால் மறுபடி எழுவது கஷ்டம். விட்ட இடங்களில் பலர் தென்னை வைத்துவிட்டார்கள். முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம், குருவித்துறை என்று ஆற்றோரமாகப் போனால் தென்னையாகவே தெரியும். தென்னைக்கு ஆள் வேலை குறைவு, சொந்தக்காரர் மதுரையில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 2016-ல் பொள்ளாச்சியில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ தென்னந்தோப்புகளையும் நிம்மதியாக விடவில்லை. புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும். அந்தப் பெயருக்குரிய இலையைக் கிள்ளுகிற கையைக் காப்பாற்ற வேறு ஏதாவது வேண்டும். பயிர்க் காப்பீடு, வாடலைத் தாங்கும் கொடி, குறைந்த வட்டிக் கடன் இவற்றில் எது வந்து சேர்ந்திருக்கிறது என்று நீ கேட்டு எழுதினால் அது உபயோகமான பக்கம்.

நெல் அறுவடை சமயத்தில் போனால் நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கட்டாயம் போ. 2025-26 பருவத்தில் சன்னரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. அறிவிப்பில் விலை நன்றாகவே இருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், அந்த இடத்தில்தான் சிக்கல். அறுப்பு மிஷின் ஒரே நாளில் வயலைக் காலி செய்துவிடுகிறது. காயவைக்கக் களம் இல்லை. ரோட்டோரத்தில் நெல்லைக் கொட்டிக்கொண்டு, மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு, தார்ப்பாயோடு ராத்திரி காவல் இருப்பவர்களை நீயே பார்ப்பாய். அவசரத்தில் வியாபாரியிடம் குறைத்துக் கொடுத்தவர் எவ்வளவு குறைத்தார் என்பதையும் கேள்.

இப்போது நிர்வாகத்துக்கு வருகிறேன். நீ ‘சோழவந்தான் ஒரு பேரூராட்சி’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். அங்கேதான் நின்றிருக்க வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன, மதுரை மாவட்டத்தில் 9. சட்டத்தின் கண்ணில் பேரூராட்சி நகர்ப்புறம். குடிநீர், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, சொத்து வரி ஆகியவை அதன் வேலை. வயலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. விதை, உரம், பயிர் ஆலோசனை எல்லாம் வட்டார வேளாண்மைத் துறை. வாய்க்கால் நீர்வளத்துறை. கொள்முதல் நுகர்பொருள் வாணிபக் கழகம். ஊர் பிழைப்பதே விவசாயத்தில், ஊர் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கோ விவசாயத்தில் ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. 2005-ல் சட்டமாக வந்த நூறு நாள் வேலையும் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான் என்று வந்தது. ஒரே வயலில் சேர்ந்து நாற்று நடுகிற இரண்டு பெண்களில், பக்கத்து ஊராட்சிக்காரிக்கு அட்டை உண்டு, பேரூராட்சிக்காரிக்குக் கிடையாது. எல்லைக்கோடு எங்கே போகிறது என்பது மட்டுமே வித்தியாசம். நகர்ப்புற வேலைத் திட்டம் ஒன்றைத் தமிழக அரசு பின்னால் சில இடங்களில் தொடங்கியது, அதன் அளவு சிறியது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு, அதனால்தான் உன்னிடம் அழுத்திச் சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாடு வேண்டுமானால் பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள். அங்கே முனிசிபாலிட்டி என்றால் கடைத்தெருவும் வயல்களும் குக்கிராமங்களும் சேர்ந்த ஒரே நிர்வாகம். அதன் உட்பிரிவு பாரங்காய். கடற்கரையே இல்லாத, நெல்லை நம்பிய முனிசிபாலிட்டிகள் அங்கே நிறைய. மேயரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் பேரூராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 1991-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் வேளாண் விரிவாக்கப் பணியையே அந்த முனிசிபாலிட்டிகளின் கையில் கொடுத்தது. வேளாண் அலுவலர் மேயருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஏழை முனிசிபாலிட்டியில் அலுவலர் இருந்தும் பணம் இருக்காது. ஆனாலும், வயலைப் பற்றிக் கேள்வி கேட்க ஊருக்குள்ளேயே ஒரு நாற்காலி இருப்பது பெரிய விஷயம். அந்த நாட்டோடு நமக்கு இன்னொரு உறவும் உண்டு. அங்கே லாஸ் பானோஸ் என்ற ஊரில் 1960-ல் அமைந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம்தான் 1966-ல் ஐ.ஆர். 8 ரகத்தையும், பிறகு 1969-ல் ஐ.ஆர். 20-ஐயும் கொடுத்தது. உரம் போட்டாலும் சாயாத குட்டைப் பயிர். உன் தாத்தா தலைமுறை விவசாயிகளிடம் ‘ஐ.ஆர். எட்டு’ என்று சொல்லிப் பார், கதை தானாக வரும்.

வரலாற்றை நீட்டி முழக்காதே. பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் இந்த வட்டாரம் சோழாந்தக சதுர்வேதிமங்கலம். அதற்கு ஆதாரம் தென்கரை மூலநாதர் கோயில் சுவரில் இருக்கிறது, நேரில் பார். ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவைப் பற்றி எழுதும்போது, எந்த ஊர்க்காரர்கள் எந்த மண்டகப்படிக்கு உரியவர்கள் என்று விசாரி. வட்டார உறவுகள் புரியும். நான்காம் தமிழ்ச்சங்கத்தில் பணியாற்றிய அரசஞ்சண்முகனார் இந்த ஊர்க்காரர். கணீர்க் குரலில் பாடி நடித்த டி.ஆர். மகாலிங்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரைக்காரர். இருவருக்கும் ஆளுக்கு ஒரு பத்தி போதும்.

கடைசியாக ஒன்று. உன் கட்டுரையில் மதுரை நகரம் வரவே இல்லை. வர வேண்டும். ஆரப்பாளையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். சோழவந்தான் அரிசியும் தேங்காயும் வாழையிலையும் வெற்றிலையும் நகரத்துக்கு வருகின்றன. மேலக்கால், துவரிமான், கோச்சடை ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து நகரம் குடிநீரும் எடுத்துக்கொள்கிறது. வைகை அணையிலிருந்து குழாயில் வருவதும் பாசனத்துக்காகத் தேக்கிய அதே தண்ணீர்தான். பதிலுக்கு நகரம் என்ன கொடுக்கிறது? கல்லூரி, ஆஸ்பத்திரி, கட்டட வேலை. படித்த பிள்ளைகளும் நகரத்துக்கே வந்துவிடுகிறார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு அட்டவணையாகப் போட்டால் உன் ஆசிரியர் சந்தோஷப்படுவார்.

சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு. முதலில் மேலக்கால் ரோட்டில் தென்கரைக்குப் போவோம், கண்மாயைப் பார்த்துவிட்டு ஆற்றைக் கடந்து ஊருக்குள் நுழையலாம். கொடிக்காலில் இலை கிள்ளுவது விடிகாலை வேலை, எட்டு மணிக்குப் போனால் முடித்திருப்பார்கள்; ஆகவே வெள்ளிக்கிழமை ராத்திரியே இங்கு வந்து படுத்துக்கொண்டாலும் சரி. நோட்டு, பேனா போதும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய். கூலி எவ்வளவு என்பதைப் பண்ணைக்காரரிடம் கேட்காதே, நடவு முடித்துக் கரையேறும் பெண்களிடம் கேள்.

அன்புடன்,
உன் அத்தை