வெங்காயச் செல்லில் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது?
மறுமின்னேற்ற நுண்ணோக்கியை வகுப்பறையில் அமைத்தலும் பயன்படுத்தலும்

மாத்தூரில் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘செல்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நுண்ணோக்கியில் வெங்காயத் தோலை ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு, பார்த்ததைக் குறிப்பேட்டில் வரையச் சொன்னேன். படங்கள் மிக அழகாக வந்தன. பல படங்களில் பச்சை வண்ணத்தில் பசுங்கணிகங்களும் இருந்தன. வெங்காயக் குமிழின் உட்தோலில் பசுங்கணிகம் கிடையாது.

ஒரு மாணவியை அழைத்துக் கேட்டேன். “இந்தப் பச்சை எங்கம்மா தெரிஞ்சுது?”

“புத்தகத்துல இருக்கு டீச்சர்.”

“நுண்ணோக்கியில என்ன தெரிஞ்சுது?”

சிறிது தயங்கினாள். “ஒரே வெள்ளையா இருந்துச்சு டீச்சர். ஒண்ணும் தெரியல.”

தவறு என்னுடையது. விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஒளித்திரை முழுவதுமாகத் திறந்திருந்தது. முதலில் பார்த்த மாணவன் திருகைத் திருப்பிவிட்டுப் போனதையும் நான் கவனிக்கவில்லை. அன்று நுண்ணோக்கியைக் காட்டினேனே தவிர, பார்க்கக் கற்றுத்தரவில்லை. அதன்பின் இரண்டு பாடவேளைகள் கூடுதலாக எடுத்துக்கொண்டு செய்த முறையை இங்கே பகிர்கிறேன்.

கருவியை அமைத்தல்

மறுமின்னேற்ற நுண்ணோக்கியில் ஒளி தருவது எல்இடி விளக்கு. மின்கலம் அடிப்பாகத்தில் இருக்கும். மின்தடை வந்தாலும் பாடம் நிற்காது. கருவியை ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்கும், மரத்தடிக்கும்கூடக் கொண்டுபோகலாம். முதல்முறை பயன்படுத்தும்முன் முழுமையாக மின்னேற்றம் செய்யுங்கள். கருவியுடன் வந்த மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். கோடை விடுமுறைக்கு முன் மின்கலத்தை வெறுமையாக விட்டுப் பூட்டிவைத்தால் ஜூன் மாதத்தில் அது உயிர்பெறாமல் போகலாம். பாதிக்கு மேல் மின்னேற்றி வைத்து, மாதம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

தூக்கும்போது ஒரு கை கருவியின் கைப்பிடிப் பகுதியிலும், மறு கை அடியிலும் இருக்கவேண்டும். மேசையின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வையுங்கள். பிறகு கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. மிகக் குறைந்த பெருக்கமுள்ள 4 மடங்கு பொருளருகு லென்ஸை ‘டக்’ என்று பொருந்தும்வரை சுழற்றுங்கள்.
2. வெளிச்சத்தைக் குறைவாக வைத்து விளக்கைப் போடுங்கள்.
3. ஸ்லைடை மேடையில் பொருத்தி, பக்கவாட்டிலிருந்து பார்த்தபடியே பெரிய திருகால் மேடையை லென்ஸுக்கு அருகே உயர்த்துங்கள்.
4. இப்போது கண்ணருகு லென்ஸ் வழியே பார்த்து, மேடையை மெதுவாகக் கீழே இறக்குங்கள். பிம்பம் தெரிந்ததும் நிறுத்திச் சிறிய திருகால் தெளிவாக்குங்கள்.
5. ஒளித்திரையைச் சிறிது சிறிதாக மூடிப் பாருங்கள். சாயமேற்றாத பொருளின் விளிம்புகள் அப்போதுதான் எழுந்து தெரியும்.
6. பொருளை நடுவில் கொண்டுவந்த பின்னரே 10 மடங்குக்கும், பிறகு 40 மடங்குக்கும் மாறுங்கள். 40 மடங்கு லென்ஸில் பெரிய திருகைத் தொடவே கூடாது. ஸ்லைடும் உடையும், லென்ஸும் கீறும்.

கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு என்றால் மொத்தப் பெருக்கம் முறையே 40, 100, 400. கருவியில் 100 மடங்கு லென்ஸும் இருந்தால், அதற்கென உள்ள மூழ்கு எண்ணெய் தேவை. தேங்காய் எண்ணெய் அதற்கு மாற்றாகாது. பள்ளிப் பாடங்களுக்கு 400 மடங்கே போதும்.

முதல் வகுப்பு: ‘ட’ என்னும் எழுத்து

வெங்காயத்தில் தொடங்கியதே என் இரண்டாவது தவறு. குழந்தைக்குத் தெரியாத பொருளைத் தெரியாத கருவியில் காட்டினால், எது பிம்பம், எது தூசி என்று எப்படித் தெரியும்? எனவே நாளிதழிலிருந்து ‘ட’ எழுத்தை வெட்டி வைத்தோம். நன்கு தெரிந்த எழுத்து தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரிந்தபோது வகுப்பே கலகலத்தது. ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினால் பிம்பம் இடப்பக்கம் போகிறது என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்து நாளிதழின் வண்ணப்படத் துண்டு. ஒரு நடிகரின் முகம் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கருப்புப் புள்ளிகளாகப் பிரிந்தது. “டீச்சர், ஆளே இல்ல, வெறும் புள்ளிதான்!” என்றான் ஒருவன். கண்ணால் பார்த்ததைச் சொல்லும் பழக்கம் அங்கே தொடங்கியது.

எவ்வளவு பெரிது?

அடுத்து, ஒளிபுகும் அளவுகோலை மேடையில் வைத்து, மொத்தப் பெருக்கம் 40 இருக்கும்போது பார்வை வட்டத்தின் விட்டத்தை அளந்தோம். எங்கள் கருவியில் ஏறத்தாழ 4.5 மி.மீ. பெருக்கம் கூடும்போது வட்டம் அதே விகிதத்தில் சுருங்கும். 100 மடங்கில் 4.5 × 40 ÷ 100 = 1.8 மி.மீ. அந்த வட்டத்தின் குறுக்கே ஆறு வெங்காயச் செல்கள் நீளவாக்கில் அடங்கினால், ஒரு செல்லின் நீளம் 0.3 மி.மீ. கணிதப் பாடத்தின் விகிதம் இங்கே உண்மையான ஒரு பொருளை அளக்கப் பயன்படுகிறது. உங்கள் கருவியின் வட்டம் வேறுபடலாம். மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள்.

மீண்டும் வெங்காயம்

வெங்காயச் செதிலின் உட்பக்கத் தோலை உரித்து, மடிப்பில்லாமல் ஒரு துளி நீரில் பரப்பி, நீர்த்த அயோடின் ஒரு துளி இட்டோம். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் நீரில் தொடவைத்து, சாய்வாக மெல்ல இறக்கினால் காற்றுக்குமிழி குறையும். அப்படியும் சில குமிழிகள் நிற்கும். அடர்ந்த கருப்பு விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரியும் குமிழியைத்தான் பல மாணவர்கள் ‘செல்’ என்று வரைவார்கள். எனவே ஒரு ஸ்லைடில் வேண்டுமென்றே குமிழியை உண்டாக்கி முதலில் அதைக் காட்டிவிடுங்கள்.

வரைவதற்கு முன் ஒரு செய்தி சொன்னேன். ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட நூலில் தக்கைத் துண்டில் கண்ட வெற்று அறைகளை மட்டுமே வரைந்தார். ‘செல்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. உட்கருவுக்கு ராபர்ட் பிரவுன் பெயரிட்டது 1831-இல். ஹூக்கின் படத்தில் உட்கரு இல்லை என்பதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. “நீங்களும் கண்டதை மட்டும் வரையுங்கள்” என்றேன். அன்று புத்தகங்கள் மூடியே இருந்தன.

ஒரே கருவி, நாற்பது மாணவர்கள்

ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தோம். ஒரு குழு பார்க்கும்போது மற்றொன்று ஸ்லைடு தயாரிக்கும், இன்னொன்று அளவு கணக்கிடும், ஏனையவை வரையும். ஒவ்வொருவரும் சிறிய திருகைத் தம் கண்ணுக்கேற்பத் திருப்ப அனுமதி உண்டு. கைபேசிக் கேமராவைக் கண்ணருகு லென்ஸில் வைத்துப் படமெடுத்துத் திரையில் காட்டலாம். ஆனால் எல்லாரும் நேரில் பார்த்த பிறகே.

ஏரி நீரில் ஒரு துளி

மாத்தூர் ஏரியின் நீரை நானே கையுறை அணிந்து எடுத்துவந்தேன். தொழிற்சாலைப் பகுதிக் கால்வாய்களில் நீர் எடுக்க மாணவர்களை அனுப்பக்கூடாது. துளியில் சில பஞ்சிழைகளை இட்டால் ஓடும் உயிரிகளின் வேகம் தடைபடும். பார்க்க வசதியாக இருக்கும். பாசி இழைகளையும் துள்ளி ஓடும் ஓரணுவுயிரிகளையும் கண்டு மாணவர்கள் இடத்தைவிட்டு எழவே இல்லை. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைக்காரர்தான். தென்னிந்திய நீர்நிலைகளின் வால்வாக்ஸ் இனப் பாசிகளைப் பற்றி அவர் 1933-இல் எழுதிய கட்டுரைக்கும் தொடக்கம் இப்படியொரு துளிதான்.

அப்போது ஒரு கேள்வி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை இந்தப் பிள்ளைகள் அறிவார்கள். “தண்ணியில எண்ணெய் இருந்தா இதுல தெரியுமா டீச்சர்?” நீரில் தேங்காய் எண்ணெயைக் குலுக்கி ஒரு துளி வைத்தோம். மெல்லிய விளிம்புள்ள உருண்டைகள் தெரிந்தன. அடுத்து உப்புக் கரைசல் ஒரு துளி. ஒன்றுமே தெரியவில்லை. “அப்படின்னா, தெரியலங்கிறதால தண்ணி சுத்தம்னு சொல்ல முடியாதா?” என்றாள் ஒருத்தி. முடியாது. கரைந்திருக்கும் உப்பையோ உலோகத்தையோ நுண்ணோக்கி காட்டாது. அதற்கு வேதிச்சோதனை வேண்டும். ஒரு கருவியால் எதைச் சொல்ல முடியாது என்பதை அறிவதும் அறிவியலே. தொழிற்சாலைகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மிகவும் தேவை.

பாதுகாப்பு

நம் பகுதியில் கடற்காற்றின் ஈரமும் தூசியும் அதிகம். ஈரத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். வேலை முடிந்ததும் 4 மடங்கு லென்ஸுக்கு மாற்றி, வெளிச்சத்தைக் குறைத்து அணைத்து, உறையிட்டு, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வையுங்கள். லென்ஸைக் கைக்குட்டையாலோ முந்தானையாலோ துடைக்காதீர்கள். முதலில் தூசியை ஊதுகுமிழால் ஊதிவிட்டு, லென்ஸ் தாளால் மென்மையாகத் துடைக்கவேண்டும்.

பச்சை வண்ணம் தீட்டிய மாணவியின் இரண்டாவது படம் முதல் படத்தைப்போல் அழகாக இல்லை. செங்கல் வரிசைபோல் கோணலான அறைகள், சிலவற்றில் மட்டும் பழுப்பு நிறப் புள்ளியாக உட்கரு, ஓரத்தில் ஒரு வட்டம். வட்டத்தின் அருகே ‘காற்றுக்குமிழி’ என்று எழுதியிருந்தாள். ஒரு மூலையை வெறுமையாக விட்டு, ‘இங்கே சரியாகத் தெரியவில்லை’ என்றும் குறித்திருந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.