வெள்ள வடிகாலும் ஊரார் கருத்தும்

(கடலூர், சிதம்பரம் பகுதிகளை முன்வைத்து ஒரு பாடம்)

மழை எல்லா நிலத்திலும் பெய்கிறது. வெள்ளமோ தாழ்ந்த நிலத்தைத் தேடிச் செல்கிறது. கடலூர் மாவட்டத்தின் இயற்கை அமைப்பை இவ்வொரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். வடக்கே தென்பெண்ணையும் கெடிலமும், இடையே பரவனாறும், தெற்கே வெள்ளாறும் கொள்ளிடமும் இம்மாவட்டத்தைக் கடந்தே கடலை அடைகின்றன. தருமபுரி, திருவண்ணாமலை, சேலம் முதலிய தொலைவிடங்களில் பெய்யும் மழையும் இறுதியில் இங்குள்ள மக்களின் வாசலைத் தொட்டுச் செல்கிறது.

2015-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாளையொட்டி நெய்வேலியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. பண்ருட்டியை அடுத்த விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஆகிய ஊர்களில் ஓடை கரைமீறிப் பாய்ந்து உயிர்களைக் கொண்டு சென்றது. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயலையொட்டிப் பெய்த மழையில், சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளும் நீர் புகுந்து தேங்கியது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேல் நீர் வெளியேறியபோது, தென்பெண்ணையின் கரையிலிருந்த கடலூர்ப் பகுதிகள் நீரில் மூழ்கின.

இத்தகைய துன்பத்தைக் குறைக்க வடிகால் திட்டங்கள் தீட்டப்படுகின்றன. அத்திட்டங்களைக் குறித்து ஊராரைக் கலந்து ஆலோசிப்பது ஏன், எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

ஓடை எவ்வளவு நீரைக் கொள்ளும்?

கூட்டத்தில் கருத்துக் கூற விரும்புவோர் முதலில் ஒரு சிறு கணக்கை அறிந்திருத்தல் நலம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 கன மீட்டர் நீர், அதாவது ஒரு கோடி லிட்டர் சேரும். 48 சென்டிமீட்டர் மழையாயின் அது 48 கோடி லிட்டராகும். நிலம் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஏற்கெனவே ஊறிப்போன நிலம் மிகுதியாக உறிஞ்சாது.

இனி, 10 மீட்டர் அகலத்திலும் 2 மீட்டர் ஆழத்திலும் நீர் செல்லும் ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சென்றால், வினாடிக்கு 20 கன மீட்டர் வடியும். பழைய கணக்கில் இது சுமார் 700 கன அடி. மேற்கூறிய 48 கோடி லிட்டரும் வடிவதற்கு 6 மணி 40 நிமிடம் ஆகும். அதே ஓடையில் பாதியைச் சீமைக் கருவேலும் வண்டலும் அடைத்துக்கொண்டால், வடியும் காலம் இரட்டிப்பாகும். புதரில் சிக்கி வேகம் தளர்வதால் அதற்கு மேலும் ஆகும். ஓடைக்கு நீர் தரும் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டராக இல்லாமல் பத்தாக இருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கடைமடையில் மற்றொரு தொல்லையும் உண்டு. முகத்துவாரத்தை மணல் மேடிட்டு மூடியிருந்தாலும், புயலால் கடல் பொங்கி நின்றாலும், ஆற்று நீர் கடலுள் இறங்காது, எதிர்த்துத் திரும்பும். ஆகவே ஊருக்குள் ஓடையை மட்டும் ஆழப்படுத்திவிட்டு முகத்துவாரத்தை மறந்துவிடுவது, ஒரு முனை அடைபட்ட குழாயைத் துலக்குவதற்கு ஒப்பாகும்.

ஒருவருக்கு நன்மை, மற்றொருவருக்கு?

வடிகால் வேலை எல்லார்க்கும் ஒரேவகை நன்மையைத் தருவதில்லை. மேட்டூரார் நீர் விரைவில் வடிய வேண்டுமென்பர். விரைந்து வரும் அந்நீர் கீழே உள்ள ஊரில் போய் நிற்கும். உழவர் வயலிலிருந்து நீரை வெளியேற்ற விரும்புவர்; கோடையில் நிலத்தடி நீர் வற்றுமே என்று அவர்களே அஞ்சவும் செய்வர். கரையை உயர்த்தினால் கரைக்கு வெளியே உள்ளவர் காப்பாற்றப்படுவர். ஆற்றுக்கும் கரைக்கும் இடையே வாழ்வோர் அகப்பட்டுக்கொள்வர். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களில் கொள்ளிடம் பெருகியபோது, சிதம்பரம் பக்கத்துப் பெராம்பட்டு, கீழகுண்டலபாடி போன்ற கரையோர ஊர்களை நீர் சூழ்ந்ததை நாம் அறிவோம்.

பரவனாற்றை நோக்குவோம். இவ்வாறு குறிஞ்சிப்பாடிப் பகுதியின் தாழ்நிலங்களின் வழியாகச் சென்று, பெருமாள் ஏரியின் மிகைநீரையும் பெற்று, கடலை நெருங்கிய பின்னும் அதனுள் நேரே இறங்காமல், கரைக்கு இணையாக வடக்கு நோக்கி நெடுந்தூரம் சென்று, கடலூர் முதுநகர்ப் பக்கத்தில் உப்பனாற்றோடு கலக்கிறது. ஆகவே திருச்சோபுரத்தை அடுத்த அருவாமூக்கு என்னுமிடத்தில் நேர்வாய்க்கால் வெட்டி, வெள்ள நீரைக் கடலுக்கு விரைவில் செலுத்த வேண்டுமென்பது அப்பகுதி உழவர்களின் நெடுநாளைய கோரிக்கையாக இருந்து வந்தது.

இது நியாயமான கோரிக்கையே. எனினும் இத்தகைய நேர்வாய்க்கால் எதிலும் கேட்கத் தக்க கேள்விகள் சில உண்டு. கோடையில் அவ்வழியே உப்புநீர் ஏறி வயலையும் கிணற்றையும் கெடுக்காமல் தடுக்கும் மதகு எங்கே அமையும்? அதைத் திறந்து மூடுவது யார் பொறுப்பு? கடற்கரையில் படகு இழுக்கும் மீனவர்க்கு வழி என்ன? புதிய முகத்துவாரத்தை மணல் மூடினால் ஆண்டுதோறும் அள்ளுவதற்குப் பணம் எங்கிருந்து வரும்? இக்கேள்விகள் திட்டத்தை எதிர்ப்பன அல்ல, அதனை உறுதிப்படுத்துவனவாகும்.

நகரங்களில் நிலைமை இன்னும் கடினமானது. சிதம்பரத்தில் பாசிமுத்தான் ஓடை, தில்லையம்மன் ஓடை, கான்சாகிப் வாய்க்கால் போன்ற நீர்வழிகளின் கரைகளில் வீடுகள் நெருங்கியுள்ளன. ஓடையை அகலப்படுத்துவது என்றால் சிலருடைய குடிசையை அகற்றுவது என்று பொருள். தாழ்ந்த இடங்களில் குடியிருப்போர் பெரும்பாலும் ஆதிதிராவிடரும், நாட்கூலி பெறுவோருமே ஆவர். வேறிடம் கிடைக்காமையால் அங்கு வந்தவர்கள் அவர்கள். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அவர்கள் வீடு. வெள்ளத் தடுப்பு வந்தால் முதலில் இடிபடுவதும் அவர்கள் வீடு என்றால், அது நீதியாகாது. எங்கே மாற்றிடம், வேலைத்தலத்திலிருந்து எவ்வளவு தொலைவு, பிள்ளைகளின் பள்ளி எது என்பவற்றைத் திட்டத்தின் பகுதியாகவே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

காலம் தவறிய ஆலோசனை பயன்தராது என்பதற்கும் இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்தின் பொருட்டுப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலை, நெற்பயிர் நின்ற வயல்களில் தொடங்கியது. நிலம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். அறுவடை வரையிலேனும் பொறுத்திருக்கலாம் என்றனர் உழவர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. நிலத்தின் உரிமை காகிதத்தில் முடிந்துவிடலாம். விதைப்பும் அறுப்பும் காகிதத்தைக் கேட்டு நடப்பதில்லை. நாற்று விடுவதற்கு முன்னரே பேச வேண்டியதை, கதிர் முற்றும் வேளையில் பேசுவதால் பகைமையே வளரும்.

சட்டம் தரும் வாய்ப்பு

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் கிராம சபை அமைந்துள்ளது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி அடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகியவற்றிலும் சபை கூடுமென 2022-இல் அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்திற்கு முன்பே ஓடை வேலைகளை முடிவு செய்ய மார்ச் 22-ஐக் காட்டிலும் ஏற்ற நாள் வேறில்லை. நகரங்களில் வார்டு தோறும் பகுதி சபைகள் 2022 முதல் கூடுகின்றன. 2021-இல் மாநகராட்சியான கடலூரின் மக்களும், சிதம்பரம் நகராட்சி மக்களும் தம் தெருவின் வடிகாலைப் பற்றிப் பேசுவதற்குரிய இடம் அதுவே.

பெருந்திட்டங்கள் சிலவற்றிற்கு, 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமாகும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். ஓர் ஊர் ஓடையைத் தூர்வாருவதற்கு இச்சட்டம் கட்டாயமன்று. ஆயினும் இம்மூன்று நெறிகளையும் எச்சிறு வேலைக்கும் கைக்கொள்ளலாம். செலவு ஒன்றும் மிகாது.

கூட்டம் நடத்தும் முறை

முதலாவது, கூட்டத்திற்கு முன் ஓடையை நடந்து பார்த்தல். எஞ்சினீயரும் ஊராட்சித் தலைவரும் ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் சேர்ந்து, தலைப்பு முதல் முகத்துவாரம் வரை நடக்க வேண்டும். சென்ற வெள்ளத்தில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சுவர்க் கறையும் ஆலமர வேரும் காட்டும். அவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, படம். கட்டுமான வரைபடம் எல்லார்க்கும் விளங்காது. கோயில், பள்ளி, மதகு, சுடுகாடு என ஊரார் அறிந்த அடையாளங்களோடு தரையில் கோலமாவால் வரைந்து காட்டினாலும் போதும். திட்டம் முடிந்தபின் நீர் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதை அதில் காட்ட வேண்டும்.

மூன்றாவது, தனித்தனிக் கூட்டம். பொதுக்கூட்டத்தில் நிலமுடையவர் பேசுவர், நிலமற்றவர் கேட்டுக்கொண்டிருப்பர். ஆகவே குடியிருப்புத் தோறும், மாலையில் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், முன்னரே கேட்டறிய வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தனியே கலந்துகொள்ள வேண்டும். நீர் புகுந்த வீட்டில் அடுப்பையும் குழந்தையையும் ஆட்டுக்குட்டியையும் காத்தவர்கள் அவர்களே.

நான்காவது, பதில். கூறிய கருத்துக்கள் யாவும் ஏற்கப்படும் என எதிர்பார்க்கலாகாது. ஆனால் ஏற்றவை எவை, ஏற்காதவை எவை, ஏற்காமைக்குக் காரணம் யாது என்பவை எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படல் வேண்டும். பதில் பெற்றவன் மறுமுறையும் வருவான், பெறாதவன் வரமாட்டான்.

அயல்நாட்டு அனுபவம் ஒன்று

நெதர்லாந்து நாட்டில் 1993, 1995 ஆகிய ஆண்டுகளில் ஆறுகள் பெருகின. 1995-இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் அந்நாட்டார், கரையை மேலும் மேலும் உயர்த்துவதை மட்டும் நம்பாமல், ஆற்றுக்கு இடம் விடும் திட்டமொன்றைத் தீட்டினர். ஓவர்டீப்ஸ என்னும் தாழ்நிலத்தில் ஆற்றுக்கு வழிவிடும் யோசனை எழுந்தபோது, அங்கிருந்த உழவர்கள் தாமே மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைத்தனர்: தம் பண்ணை வீடுகளை உயர்ந்த மண்மேடுகளின்மேல் கட்டித் தந்தால், பெருவெள்ளக் காலத்தில் வயலில் ஆறு பாய இசைவோம் என்பதே அது. அவ்வாறே செய்யப்பட்டது. செல்வத்திலும் நிலத்திலும் அந்நாட்டிற்கும் நமக்கும் வேற்றுமை மிகுதி. எனினும், நிலத்தில் வாழ்பவனே அதற்கேற்ற வழியையும் காணக்கூடும் என்பது இரு நாட்டிற்கும் பொது.

ஊரார் கடமை

ஆலோசனை என்பது அரசின் கடமை மட்டுமன்று. கூட்டத்திற்கு வராமல் இருந்துவிட்டுப் பின்னர்க் குறை கூறுவதும், ஓடையில் குப்பையைக் கொட்டிவிட்டு வெள்ளத்தை நோவதும் பொருந்தா. ஓடைக்கரையை ஒட்டி வயலை நீட்டிக்கொண்டவர் அதனை விட்டுக்கொடுக்க முன்வர வேண்டும். ஏழையின் குடிசையை அகற்றும் அளவுகோல் வசதி படைத்தவரின் மதிற்சுவருக்கும் பொருந்துதல் வேண்டும். வேலை முடிந்த பின்னும் ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் மதகையும் மடையையும் பார்வையிட ஊரில் ஒரு குழு இருக்க வேண்டும்.

கிராம சபைக்கு முன் கலந்து பேசுவதற்குச் சில கேள்விகள்:

1. நம் ஊர் ஓடைக்கு எந்தெந்த ஊர்களின் நீர் வருகிறது? அது எங்கே சென்று கடலைச் சேர்கிறது?
2. சென்ற பெருவெள்ளத்தில் நீர் முதலில் புகுந்த வீடுகள் எவை? அவ்வீட்டார் எவரேனும் இதுவரை கூட்டத்தில் பேசியதுண்டா?
3. நம் ஊரில் நீர் விரைந்து வடிந்தால், அடுத்த ஊருக்கு என்ன நேரும்? அவ்வூராரை அழைத்துப் பேசினோமா?
4. மதகின் சாவி யாரிடம் உள்ளது? நள்ளிரவில் அவரை அழைப்பது எவ்வாறு?

நான்காம் கேள்விக்கு மட்டும் இன்றே விடை கண்டு ஊர்ச் சாவடியில் எழுதி வைத்தாலும், இப்பாடத்தைப் படித்ததன் பயன் கிடைத்ததாகும்.