உறக்கத்தில் எழும் ஒலி

பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் அருகருகே செல்லும் இரும்புலியூரில் இரவிலும் ஓசை அடங்குவதில்லை. அவ்வோசைக்கிடையே, உறங்கும் குழந்தையின் வாயில் எழும் 'நறநற' என்னும் ஒலி தாயின் செவிக்கே எட்டும். "வயிற்றில் பூச்சி" என்பார் பாட்டி. ஆயின், குடற்புழுவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

மருத்துவ ஆய்வாளர் குழந்தையின் அன்றாடப் பழக்கங்களை நோக்குகின்றனர். உறங்கும்வரை பார்க்கும் கைப்பேசித் திரை, உறக்கக் குறைவு, மன அழுத்தம், மூக்கடைப்பு ஆகியன பற்கடிப்போடு தொடர்புடையனவாகக் கருதப்படுகின்றன. எனினும், தொடர்புடையவை அனைத்தும் காரணம் ஆகிவிடா.

பெரும்பாலான குழந்தைகளிடம் இது வளர வளரத் தானே மறையும். 20 பாற்பற்களும் விழுந்து புதியன முளைக்கும். ஆனால், ஏறத்தாழ 6 வயதில் முளைக்கும் நிலையான கடைவாய்ப்பல் வாழ்நாள் முழுமைக்கும் உரியது. உடலிலேயே மிகக் கடினமான பற்சிப்பி தேய்ந்தால் மீண்டும் வளராது. ஆதலால் காலையில் தாடைவலி, தலைவலி, பற்கூச்சம் தோன்றினாலும், இரவில் குறட்டை இருந்தாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

உறக்கத்தில் தன்னையறியாமல் பல்லைக் கடிக்கும் குழந்தையைக் கடிந்துரைப்பதால் பயனில்லை. உரிய நேரத்தில் திரையை அணைத்து, அன்று பள்ளியில் நிகழ்ந்ததைப் பரிவோடு கேட்டறிதலே வீட்டார் முதலில் செய்யத்தக்கது.